சோலை மலையேறிய கதை

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்தாலும் பத்துக் கடைக்குள் ஒரு பழமுதிர்சோலை இருக்கும். ஆப்பிளைக் கூம்பாக அடுக்கி, உச்சியில் ஒரு அன்னாசியை நிறுத்தி, பக்கத்தில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும். பலகை எழுதுகிறவர் சிலர் நடுவில் ஒரு 'ச்' சேர்ப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். விட்டவர்கள் இலக்கணம் அறிந்து விட்டார்களா, இடம் போதாமல் விட்டார்களா என்பது முருகனுக்கே வெளிச்சம். திருமுருகாற்றுப்படையின் கடைசிப் பகுதிக்குரிய பெயர் பழக்கடைக்கு வந்து சேர்ந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. சோலை என்றால் நிழல், குளிர்ச்சி, கைக்கெட்டும் பழம். கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

அதே சொல் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளைச் செயற்கைக்கோள் படமாக விரித்து நிறம் தீட்டிய ஆய்வு வரைபடங்களின் ஓரத்தில், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற சிறு பட்டியலில், ஆங்கில எழுத்தில் 'ஷோலா' என்று எழுதியிருப்பார்கள். பழக்கடைச் சோலையும் இந்த ஷோலாவும் ஒரே சொல். ஆனால் பொருள் ஒன்றல்ல. சமவெளியிலிருந்து புறப்பட்ட சொல் மலையேறி, ஆங்கிலம் வழியாக இறங்கி வந்தபோது ஆள் மாறியிருந்தது. நம் ஊரில் 'மலையேறிவிட்டது' என்றால் போயேபோய்விட்டது என்று அர்த்தம். இந்தச் சொல் மலையேறியதில் வேறொன்றுதான் போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கீழேயிருந்து தொடங்கலாம். மரங்கள் கூடி நிற்கும் இடத்துக்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. கா, பொழில், தோப்பு, தோட்டம், கானகம், காடு என்று எத்தனையோ. இவற்றுள் தோப்பு மனிதன் வைத்து எண்ணியது; இத்தனை தென்னை, இத்தனை மா என்று கணக்குச் சொல்லலாம். காடு யாரும் எண்ணாதது. சோலை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மனிதன் வைத்ததாகவும் இருக்கலாம், தானாக எழுந்ததாகவும் இருக்கலாம். யார் வைத்தார்கள் என்பதைவிட உள்ளே நுழைந்தால் வெயில் தெரியாது என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். அதனால்தான் மணல் நடுவே ஊற்றும் நான்கு ஈச்சமரமும் கண்டபோது அதைப் பாலைவனச் சோலை என்று சொல்லத் தமிழனுக்குத் தயக்கமே வரவில்லை. மதுரைப் பக்கம் ஆளுக்கும் அந்தப் பெயர் உண்டு: சோலைமலை, சோலையப்பன், சோலையம்மாள். அழகர்கோயிலுக்குத் திருமாலிருஞ்சோலை என்ற பெயர் இருப்பதால் வந்த வழக்கு.

மலையாளத்தில் இச்சொல் 'சோல' என்று கிடக்கிறது. அங்கே அதற்கு நிழல் என்ற பொருள் இன்னும் நேராக இருக்கிறது. காட்டோடையையும் அதே சொல்லால் சுட்டுவார்கள். இது கவனிக்க வேண்டிய இடம். மலையில் நிழலும் நீரும் ஒரே மடிப்பில் இருக்கின்றன. இரண்டு குன்றுகள் சேரும் பள்ளத்தில் ஓடை, ஓடையை ஒட்டி மரம். சொல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் ஆகிவிட்டது. உடும்பஞ்சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை என்று இடுக்கி மாவட்டத்து ஊர்ப்பெயர்களும் காட்டுப்பெயர்களும் இந்த வழியில் வந்தவை. மதிகெட்டான் சோலை கொடைக்கானல் பேரிஜம் பக்கமும் ஒன்று உண்டு. உள்ளே போனவன் திசை தெரியாமல் மதிகெட்டு அலைவான் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். பழக்கடைப் பெயருக்கு இவ்வளவு மிரட்டல் கிடையாது.

வெள்ளைக்காரர்கள் மலையேறியது இதற்குப் பிறகு. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்குப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் வீடுகளும் தோட்டங்களும் எழுந்தன. அலையலையாகப் புல்மேடுகள், அவற்றின் மடிப்புகளில் மட்டும் குட்டையான, இருண்ட, பாசி படர்ந்த காடுகள். கூட வந்த தமிழர்கள் அந்த மடிப்புக்காட்டைச் சோலை என்றார்கள். கேட்டவர்கள் 'ஷோலா' என்று எழுதிக்கொண்டார்கள்.

ஏன் 'ஷ'? அக்கால ஆங்கிலேயர் காதில் தமிழின் சொல் முதல் சகரம் பெரும்பாலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது. செங்கோட்டை ஷென்கோட்டா ஆனது. சோளிங்கர் ஷோலிங்கர் ஆனது. சோழவந்தான் ஷோலவந்தான் ஆனது. சேர்வராயன் மலை ஷெவராய் ஆனது. சோலை மட்டும் தப்பிவிடுமா? ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி 1886-ல் வெளிவந்தபோது ஷோலா அதில் ஏறிவிட்டது. மரமடர்ந்த மலைப்பள்ளம், புதர்க்காடு என்று அங்கே பொருள் தந்திருக்கிறார்கள். ஏறக்குறைய அதே ஒலியோடு இன்னொரு சொல்லும் அந்த அகராதியில் உண்டு. துரைமார் தலையில் கவிழ்த்த சோலா தொப்பிக்கு அந்தப் பெயர் தந்த வங்காளத்து நெட்டிச்செடி அது. நம் சோலைக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. வெயிலுக்கான தொப்பி என்பதால் ஆங்கிலேயரே பலர் அதைச் சூரியனோடு முடிச்சுப் போட்டு 'சோலார்' தொப்பி என்று எழுதினார்கள். சொற்கள் இப்படித்தான் ஏமாற்றும்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். அந்த மலையில் கண்ணை நிறைத்தது புல்தான். சோலை அதன் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்த கரும்பொட்டு. பொட்டுக்குத் தமிழ்ப்பெயர் கிடைத்து, அகராதி ஏறி, தாவரவியல் நூல்களுக்கும் போனது. நெற்றிக்கு? நெற்றிக்கு உள்ளூர்ப் பெயர் எதுவும் ஆங்கிலத்தில் ஏறவில்லை. ஆங்கிலேயர் தங்கள் ஊரின் மொட்டைக் குன்றுகளின் நினைவில் அதை 'டவுன்ஸ்' என்றார்கள். சென்னை கவர்னராக 1891 முதல் 1896 வரை இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் சேர்ந்து உதகைப் புல்மேடுகள் வென்லாக் டவுன்ஸ் ஆயின. குதிரையேறி நரி வேட்டை ஆட அது தோதான இடம். பின்னாளில் நம் சினிமாக்காரர்களுக்கு டூயட் பாடத் தோதான இடம். அவர்கள் வழக்கில் அதற்கு ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்றுதான் பெயர். ஆனைமலையின் உச்சிப் புல்வெளிக்கும் இன்றுவரை கிராஸ் ஹில்ஸ் என்றே சொல்கிறோம். புல்லுக்குக் கிடைத்ததெல்லாம் இரவல் பெயர், இல்லாவிட்டால் மைல்கல் நம்பர்.

பெயர் இல்லாததால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். அரசாங்கக் கணக்கில் நிறையவே குறையும். வருவாய்த்துறைக்காரர் கண்ணுக்கு மரமும் பயிரும் இல்லாத நிலம் தரிசு. வனத்துறைக் கண்ணுக்கு அது மரம் வைக்க வேண்டிய காலியிடம். உதகைக் குடியேற்றத்துக்கு விறகு தேவைப்பட்டபோது முதலில் பக்கத்துச் சோலைகள் வெட்டப்பட்டன. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் அகேஷியாவும் வந்தன. நீலகிரிக்காரர்கள் முன்னதைக் கற்பூர மரம் என்றும் பின்னதைச் சீகை மரம் என்றும் தமிழாக்கிக்கொண்டார்கள். விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப்பட்டுக்கான மரக்கூழுக்கும் தேவை கூடியது. காலி என்று எழுதியிருந்த புல்மேடுகள் பலவற்றில் வரிசை வரிசையாகச் சீகை நிறைந்தது. அதுவும் நட்ட இடத்தோடு நிற்காத மரம். விதை மண்ணில் பல காலம் உறங்கிக் கிடந்து, தீ பட்டாலும் வெட்டுப் பட்டாலும் கூட்டமாக முளைக்கும்.

புல்வெளி என்பது காட்டை அழித்ததால் வந்த மொட்டைநிலமா, அல்லது இயல்பாகவே அப்படித்தானா என்று வனத்துறைக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது. 1938-ல் சி.ஆர். ரங்கநாதன் என்ற வன அதிகாரி, நீலகிரியின் உறைபனிதான் காரணம் என்று எழுதினார். திறந்த மேட்டில் பனி இறங்கி மரக்கன்றைக் கருக்கிவிடுகிறது, பள்ளத்தில் மட்டும் காடு பிழைக்கிறது, ஆகவே இரண்டும் இயற்கை என்பது அவர் கட்சி. அதே காலத்தில் என்.எல். போர் என்பவர் எதிர்க்கட்சி: தீயும் மேய்ச்சலும் இல்லாவிட்டால் எல்லாம் காடாகிவிடும் என்றார். இந்தியக் காட்டு வகைகளைப் பட்டியலிட்ட சாம்பியனும் சேத்தும் 1968-ல் தீர்ப்பு எழுதியபோது, சோலைக்காட்டுக்குத் தனி எண் கொடுத்து, புல்வெளியை அந்த எண்ணின் கீழ் 'சிதைவு நிலை' என்ற உட்பிரிவில் போட்டார்கள். வீட்டுக்காரன் பெயரில் பட்டா, மற்றவர் அனுபவபாத்தியதை என்பதுபோல.

அந்தத் தீர்ப்பைக் கலைத்தது நீலகிரிச் சதுப்புகளின் அடியிலிருந்த கரிமண். புல்வகைகள் பலவும் மரங்களும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அந்த வேறுபாடு மக்கிய பிறகும் மண்ணில் தடயமாக நிற்கும். ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்த மண்ணை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்து 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியுகத்தின் உச்சத்தில் வறண்டு கிடந்தபோது, நீலகிரியில் புல்லின் ஆட்சி. பருவமழை வலுத்த காலத்தில் காடு பரவியது. கோடரியோடு மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் அங்கே குடியிருந்திருக்கிறது. சிதைந்த காடு என்று எழுதியது பொய்.

சரி, மலையில் எது எவ்வளவு இருக்கிறது, எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று அளப்பது எப்படி? இதற்கென ஒரு துறை இருக்கிறது. வானூர்தியிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மானியப் புவியியலாளர் கார்ல் ட்ரோல் 1939-ல் அதற்குப் பெயர் வைத்தார். தமிழில் நிலத்தோற்றச் சூழலியல் எனலாம். மேலேயிருந்து பார்த்தால் நிலம் ஒரு ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரியும். அமெரிக்கர் ரிச்சர்ட் ஃபார்மனும் பிரெஞ்சுக்காரர் மிஷெல் கோத்ரோனும் 1980-களில் அந்த ஒட்டுத்துணிச் சொல்லையே கலைச்சொல் ஆக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு 'பேட்ச்'.

தமிழில் அதைத் 'திட்டு' என்று எழுதுகிறோம். இந்த மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நன்றாக அமைந்துவிட்டது என்பது என் கட்சி. ஒட்டு என்றால் துணி கிழிந்தது என்று பொருள். திட்டு அப்படியல்ல. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் 'திட்டு கிராமங்களில் தண்ணீர் புகுந்தது' என்று செய்தி படிக்கிறோமே, அந்தத் திட்டு. சுற்றிலும் வேறொன்று இருக்க, நடுவே மேடாக நிற்பது. சுற்றியுள்ள தண்ணீரைச் சேர்த்துத்தான் திட்டு என்ற சொல்லே நிற்கிறது. மக்ஆர்தரும் வில்சனும் 1967-ல் தீவுகளின் உயிரினக் கணக்கைப் புத்தகமாக எழுதிய பிறகு காட்டுத் துண்டுகளையும் தீவாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. தமிழ்ச்சொல்லுக்குள் அந்தத் தீவு முதலிலிருந்தே இருந்தது.

திட்டை அளப்பதில் பரப்பு மட்டும் போதாது. ஒரு ஹெக்டேர் சோலை சதுரமாக இருந்தால் பக்கம் 100 மீட்டர், சுற்றளவு 400 மீட்டர். அதே ஒரு ஹெக்டேர் ஓடையோரமாக 10 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுற்றளவு 2,020 மீட்டர். பரப்பு ஒன்றே, விளிம்பு ஐந்து மடங்கு. விளிம்பில் காற்றும் வெயிலும் புகும், ஈரம் குறையும். விளிம்பின் பாதிப்பு 50 மீட்டர் உள்ளே வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு ஹெக்டேர் சதுரத்துக்குள் உட்காடு என்று எதுவுமே மிஞ்சாது. நான்கு ஹெக்டேர் சதுரமானால் நடுவில் ஒரு ஹெக்டேர் தேறும். அதே நான்கு ஹெக்டேரை நாலு தனித் திட்டாகப் பிரித்தால் மறுபடி பூஜ்யம். நூறு ஹெக்டேரில் எண்பத்தொன்று உட்காடு. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் என்பது ஏன் பெரிய விஷயம் என்று இந்தக் கணக்குத் தெரிந்தால் புரியும். திட்டு எண்ணிக்கை, வடிவம், விளிம்பு, உட்பரப்பு, பக்கத்துத் திட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் கணினியில் கூட்டித்தர 1995-ல் கெவின் மெக்காரிகலும் பார்பரா மார்க்ஸும் ஃப்ராக்ஸ்டாட்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள்.

ஆனால் எண் மட்டும் இருந்தால் நீலகிரியில் மோசம் போவோம். சோலை துண்டாடப்பட்டது அல்ல, துண்டாகவே பிறந்தது. பள்ளத்தை ஒட்டி வளர்வதால் நீண்டு வளைந்து, விளிம்பு அதிகமாகத்தான் இருக்கும். இந்த எண்களை ஒரு அயலூர்க்காரரிடம் கொடுத்தால், பெரிய காடு உடைந்து சிதறிய மிச்சம் என்று படிப்பார். நடுவே இருக்கும் 'காலியிடத்தில்' மரம் நட்டுத் திட்டுகளை இணைத்துவிடலாமே என்று யோசனையும் சொல்வார். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். அவர் பட்டியலில் சோலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சூழ்ந்ததற்கு இல்லை.

சூழ்ந்திருப்பதற்கும் அந்தத் துறையில் சொல் உண்டு: 'மேட்ரிக்ஸ்'. லத்தீனில் தாயிலிருந்து பிறந்து கருப்பையைக் குறித்த சொல். கணக்குப் பாடத்தில் நாம் அணி என்று படித்தது. இங்கே தாய்நிலம் என்றால் பொருந்தும். எது மிகப் பரந்து, இடைமுறியாமல், மற்றதையெல்லாம் மடியில் வைத்திருக்கிறதோ அது தாய்நிலம், மற்றவை திட்டு. பழனி மலையின் மேற்பரப்பில் அந்தத் தாய் யார் என்று பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. அரசுமணி, ராபின் முதலியோர் நாற்பதாண்டுச் செயற்கைக்கோள் படங்களை அடுக்கி, மலையில் நடந்தும் சரிபார்த்திருந்தார்கள். சோலைக்காடு 31 சதவீதம் போயிருந்தது. புல்வெளி 66 சதவீதம் போயிருந்தது. தொடக்கத்தில் இடைமுறியாமல் கிடந்த முதன்மை நிலம் புல். முடிவில் மிகவும் அருகி, மிகவும் சிதறிப்போனவற்றுள் ஒன்று. தாய் திட்டாகிவிட்டாள். அவள் இடத்தில் தோட்டமரமும், அதைவிடக் குறைவாக விவசாயமும். இவ்வளவுக்கும் ஊர்ப்பேச்சு என்னவோ 'காடு அழிந்துவிட்டது' என்பதுதான். நீதிமன்ற உத்தரவுகளும் சோலை மரங்களை மீட்பதைப் பற்றியே இருந்தன என்று அந்தக் கட்டுரையே குறிப்பிடுகிறது. பெயரிருந்த பிள்ளை காணாமல் போனதாக எல்லோரும் தேடிக்கொண்டிருந்தோம்.

சோலைக்கு இதற்கிடையில் பதவி உயர்வு வந்துகொண்டே இருந்தது. கேரளம் 2003-ல் அறிவித்த தேசியப் பூங்காக்களில் மூன்று அந்தப் பெயரைத் தாங்கியவை: ஆனைமுடிச் சோலை, மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை. கடைசியது ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனைமலையில் டாப்ஸ்லிப் பக்கத்துக் கரியன் சோலைக்கும் அந்தப் பெயர்தான், ஆனால் அது உறைபனி எட்டாத தாழ்ந்த மலையிலிருக்கும் மழைக்காடு. தாவரவியலாளர் வரையறையில் அது ஷோலாவே அல்ல, ஆனால் மக்கள் வழக்கில் சோலைதான். 2017-ல் சொல் லத்தீனுக்கும் போனது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிக்காடுகளில் மட்டும் வாழும் நீலச் சிறுபறவைகள் தனிப் பேரினம் என்று தெரிந்தபோது 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். முன்பாதி நம்முடையது, பின்பாதி லத்தீன். ஆங்கிலப் புத்தகங்களில் அதன் பெயர் ஷோலாகிளி. தமிழர்கள் இதைப் படித்துவிட்டுப் பச்சைநிறத்தையும் வளைந்த மூக்கையும் தேட வேண்டாம். மலையாளத்தில் கிளி என்றால் எந்தப் பறவையும்தான்.

அந்தக் கிளிக்குத் திட்டுக் கணக்கு வாழ்க்கைக் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓரினம், தெற்கே வேறு. அது மிகப் பழைய பிரிவு. அண்மையில் காடு அழிந்து பிரிந்த கூட்டங்களும் உண்டு. இருவகைப் பிரிவிலும் பாட்டு மாறியிருக்கிறது, மாறிய விதம் மட்டும் வேறு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புல்லில் வாழ்கிறவற்றுக்கோ இந்த மாதிரிப் பெயர் வாய்க்கவில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு பாறையின் பெயரைத் தாங்கியிருக்கிறது, மேய்வதென்னவோ புல்லில். அதைக் காக்கவென்று அமைத்த முக்குருத்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர் சொச்சம், பெரும்பகுதி புல்வெளி.

உண்மையில் தமிழிடம் அந்தப் புல்மேட்டுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. நம் பழைய இலக்கணம் மலைநிலத்துக்கு எதை அடையாளமாக எடுத்தது? குறிஞ்சியை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் அந்தச் செடி சோலைக்குள் வளர்வதில்லை. வெயில் விழும் திறந்த சரிவில், புல்லோடு புல்லாக வளர்வது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. சீகையும் கற்பூர மரமும் மூடாத சரிவில் மட்டும் பூத்தது. மலையைப் பார்த்தவன் மரத்தை விட்டுவிட்டுப் புல்சரிவின் புதரைத் தேர்ந்து முழு நிலத்துக்கும் பெயராக்கியிருக்கிறான். ஆங்கிலேயர் காதில் அந்தச் சொல் விழுந்திருந்து, அகராதியில் 'குரிஞ்சி' என்று ஏறியிருந்தால் காட்டுத்துறைப் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு. விழுந்தது சோலைதான்.

இப்போது சொல் ஊர் திரும்பியிருக்கிறது. செய்தித்தாள்களில் 'ஷோலா காடுகள்' என்று எழுதுகிறார்கள். சிலர் கிரந்தம் வேண்டாமென்று 'சோலா காடுகள்' என்கிறார்கள். சொந்த வீட்டுப் பிள்ளையை யாரோ போலக் கூப்பிடும் இந்த விநோதத்தைப் பார்த்து 'சோலைக்காடு' என்று திருத்துகிறவர்களும் உண்டு. நல்லதுதான். எனக்கு உறுத்துவது அடுத்த சொல். ரங்கநாதனின் 1938 கட்டுரைத் தலைப்பில் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவர் வாதத்தைப் படித்தால் அது உம்மைத்தொகை என்பது தெளிவு: சோலையும் புல்வெளியும், இரண்டும் சமம். இன்று அதே தொடரைப் புல்வெளியை மட்டும் குறிக்கக் கையாள்கிறார்கள். உம் போய் வேற்றுமை உருபு வந்துவிட்டது. சோலையினது புல்வெளி. 20,000 ஆண்டு பழைய குடிக்குப் பள்ளத்து அண்டை வீட்டான் பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட்டிருக்கிறார்கள். தமிழிலும் அப்படியே 'சோலைப் புல்வெளி' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். சமவெளிக்காரர் அதைப் படித்தால், மாமர நிழலில் தண்ணீர் தெளித்து வளர்த்த பூங்காப் புல்தரையைத்தான் நினைப்பார்.